தேசியமும் கட்சியும் திருச்சபையும்: திருச்சிராப்பள்ளி தரும் பாடம்

தேர்தல் காலங்களில் ஆயர்கள் எதிர்கொள்ளும் வினாக்களுள் மிகக் கடினமானது, "ஐயா, நம் சபை யாருக்கு வாக்களிக்க வேண்டும்?" என்பதாகும். 'நம் சபை' என்னும் சொல்லிலேயே இடர்ப்பாடு அடங்கியுள்ளது. ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிடுவோர் பல கட்சிகளைச் சார்ந்தோராய் இருக்கின்றனர்.

விடை காணுமுன் மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் நலம். தேசியம் என்பது, 'நாம் யார்?' என்னும் வினாவுக்கு ஒரு மக்கட் கூட்டம் தரும் விடை. சித்தாந்தம் என்பது, அம்மக்களின் துன்பத்திற்குக் காரணம் எது, தீர்வு எது எனக் கூறும் கருத்தமைப்பு. கட்சி என்பது, அத்தீர்வை ஆட்சியின் வழியாக நிறைவேற்ற முற்படும் கருவி. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும்போது, ஒரு கட்சியை ஏற்காதவன் தன் இனத்தையே மறுத்தவனாக எண்ணப்படுகிறான். இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வரலாறு திருச்சிராப்பள்ளிக்கு உண்டு.

1. கோட்டையும் அறிக்கையும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டைப் பகுதியில், தெப்பக்குளத்தருகே, ஸ்வார்ட்ஸ் ஐயர் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த ஆங்கிலேயப் படையினருக்கும் அவரே குருவாகப் பணிபுரிந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1801 ஜூன் 16 அன்று, மருது சகோதரரின் அறிக்கை அதே கோட்டையின் வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயிலின் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவின் மக்களை, பல வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே விளித்து, ஐரோப்பியருக்கு எதிராக ஒன்றுபடுமாறு அது அழைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

ஆலயம் கோட்டைக்குள் இருந்தது. விடுதலைக்கான அழைப்பு அக்கோட்டையை நோக்கி வந்தது. கிறிஸ்தவர் அந்நிய ஆட்சியின் நிழலில் வளர்ந்தவர் என்னும் குற்றச்சாட்டு முழு உண்மையன்று. எனினும் அது வெறும் பழிச்சொல் என்று நாம் தள்ளிவிடவும் இயலாது.

2. இரண்டு நடைப்பயணங்கள்

1930 ஏப்ரல் 13 அன்று, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள், ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து வேதாரணியத்திற்குப் புறப்பட்டனர். 150 மைல் நடந்து ஏப்ரல் 28 அன்று அவ்வூரை அடைந்தனர். தொண்டர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் எச்சரித்திருந்தும், வழியோர மக்கள் அவர்களைப் பட்டினி கிடக்க விடவில்லை. ஏழையின் உப்பின்மீதும் வரி விதித்த ஆட்சிக்கு எதிராக எழுந்தது இப்பயணம்.

1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1938 ஏப்ரலில் அவருடைய அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 1 அன்று, அதே திருச்சியிலிருந்து மற்றொரு படை சென்னை நோக்கி நடந்தது. குமாரசாமிப் பிள்ளையும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் அதனை நடத்திச் சென்றனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உடன் சென்றார். செப்டம்பர் 11 அன்று சென்னைக் கடற்கரையில் நடந்த கூட்டத்தில், தமிழ்நாடு தமிழருக்கே என்னும் முழக்கத்தைப் பெரியார் எழுப்பினார்.

எட்டாண்டு இடைவெளியில் ஒரே நகரிலிருந்து புறப்பட்ட இவ்விரு படைகளும் 'நாம் யார்?' என்னும் வினாவுக்கு வெவ்வேறு விடை தந்தன. முதற்பயணத்தின் தலைவரே இரண்டாம் பயணத்தின் எதிரியாகக் கருதப்பட்டார். இரண்டிலும் உண்மையான மனக்குறை இருந்தது. ஆனால் இரண்டின் 'நாம்' என்னும் எல்லைக்கு அப்பால் நின்றோரும் இருந்தனர். இந்திய தேசியத்தினுள் ஒடுக்கப்பட்டோருக்கு என்ன இடம் என்னும் வினாவும், தமிழ்த் தேசியத்தினுள் வேற்றுமொழி பேசும் அயலாருக்கு என்ன இடம் என்னும் வினாவும் எழுந்தே தீரும்.

3. வாக்குப்பெட்டி

1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், 1956 மே மாதம் திருச்சியில் மாநில மாநாடு நடத்தியது. தேர்தலில் ஈடுபடலாமா என்னும் வினா வாக்கெடுப்பிற்கு விடப்பட்டது. 56,942 பேர் 'ஆம்' என்றனர். 4,203 பேர் 'வேண்டாம்' என்றனர். தனித் திராவிட நாடு கோரிய இயக்கம், தன் கோரிக்கையை மக்களின் வாக்குக்கு உட்படுத்த முன்வந்தது. 1963இல் அது பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது; 1967இல் ஆட்சிக்கு வந்தது. அத்தேர்தலில் அதன் தோழமைக் கட்சிகளுள் ஒன்று, இராஜாஜியின் சுதந்திராக் கட்சி! 1938இல் எதிரெதிரே நின்றோர் ஒரே அணியில் நின்றனர்.

இது வெறும் அரசியல் வேடிக்கையன்று. வாக்குக்குத் தன்னை உட்படுத்தும் சித்தாந்தம், தான் மறுக்கப்படலாம் என்பதை ஒப்புக்கொள்கிறது. தன் சொல் இறுதிச் சொல் அன்று என ஏற்கிறது. அவ்வாறு தன் எல்லையை அறிந்த அரசியலோடு திருச்சபை உரையாட இயலும். எல்லையறியாத அரசியலுக்குச் சான்று ஜெர்மனி. அங்கே நாட்சிக் கொள்கை திருச்சபைக்குள்ளும் புகுந்தபோது, 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியோர், கிறிஸ்துவுக்கு இணையாக வேறெந்தத் தலைமையையும் ஏற்க மறுத்து அறிக்கையிட்டனர்.

இலட்சியம் ஒருவரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதும் நாம் எண்ண வேண்டியது. 1964 ஜனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்தருகே இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். மொழியின்மீது அவர் கொண்ட அன்பை இகழ நமக்கு உரிமையில்லை. எனினும், இளைஞர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதை எந்தத் தலைவரும் வேண்டவோ போற்றி வளர்க்கவோ கூடாது என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு. இரத்தசாட்சி என்னும் சொல்லை நாம் எளிதில் இரவல் தருதல் ஆகாது.

4. கிறிஸ்தவரின் நிலை

கிறிஸ்தவரிடமும் ஒரே அரசியல் நிலவியதில்லை. வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற தமிழ்க் கிறிஸ்தவருள் கே.டி. பால் தனித்தொகுதியை விரும்பவில்லை, நீதிக்கட்சியினரான ஏ.டி. பன்னீர்செல்வம் அதனை ஆதரித்தார். தேசத்தோடு இணைந்தே பாதுகாப்பு என ஒருவரும், சிறுபான்மையோர்க்குத் தனியரண் தேவை என மற்றவரும் கருதினர். இருவரில் யாரையும் அவிசுவாசி எனல் தகாது. 1949இல் அரசியலமைப்பு மன்றம், சமயச் சிறுபான்மையோருக்கான சட்டமன்ற இட ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது, எச்.சி. முகர்ஜி போன்ற கிறிஸ்தவத் தலைவர்கள் அதற்கு உடன்பட்டனர். அயலாரின் நீதியுணர்வை நம்பி எடுத்த முடிவு அது.

5. ஆயரின் பணி

கட்சி சாராதிருத்தல் வேறு. நீதி சாராதிருத்தல் வேறு. முன்னதை நாம் காக்கவேண்டும். பின்னதற்கு நமக்கு அனுமதியில்லை. இராயனுடைய நாணயத்தைப் பற்றிய வினாவுக்கு ஆண்டவர் கட்சிப்பெயர் எதுவும் கூறாமல், கேட்டவரின் மனச்சான்றிடமே வினாவைத் திருப்பினார் (மாற்கு 12). நாமும் மூன்று வினாக்களைச் சபையாரிடம் வைக்கலாம். இக்கட்சி கூறும் 'நாம்' என்பதில் யார் விடுபடுகின்றனர்? இது தீர்க்க முனையும் குறை எளியோரின் உண்மையான குறையா? தோல்வியுற்றால் விலகி நிற்க இது ஆயத்தமா?

பிரசங்க பீடத்தில் வேட்பாளரின் பெயர் ஒலிக்க வேண்டுவதில்லை. தேர்தலுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், பல கட்சியினரான சபையாரை ஒன்றாக அமர்த்தி, இவ்வினாக்களைப் பொறுமையாய் ஆராயச் செய்தல் ஆயர் ஆற்றக்கூடிய நற்பணி. முடிவில் அவர்கள் வெவ்வேறு விடைகளுடன் கலைந்து செல்லக்கூடும். அடுத்த ஞாயிறு அவர்கள் ஒரே பந்தியில் முழங்காற்படியிட வருவார்களாயின், அப்பணி வீண்போகவில்லை என நாம் கொள்ளலாம்.