கோயில் வன்னியும் வயல் வன்னியும்

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. திருப்பணியில் உழைத்தவர்களுக்கு விபசித்து முனிவர் இந்த மரத்தின் இலைகளைப் பறித்துக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அவை பொற்காசுகளாக மாறின என்றும் தலபுராணம் சொல்கிறது. தெலங்கானாவில் இதே மரம் ஜம்மி. தசராவன்று அதன் இலையைப் பொன் என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் கொடுத்து ஆசி வாங்குவார்கள். அந்த மாநிலத்தின் மரமும் அதுதான். அஞ்ஞாதவாசத்துக்கு முன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்ததும் வன்னியில் என்பது பாரதக் கதை. முள்ளும் பொடி இலையுமாக, பார்வைக்கு எடுப்பே இல்லாத இந்த வறட்சி நிலத்து மரத்துக்கு இத்தனை மரியாதை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேட ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தைத்தான் பார்க்க வேண்டும். கேஜ்ரி என்ற பெயரில் வன்னி அங்கே இன்றும் உழவர்களின் வயல் நடுவில் நிற்கிறது. 1983-இல் அதை மாநில மரமாக அறிவித்தார்கள்.

ஜோத்பூர், நாகௌர் பக்கத்து வயல்களில் கம்பும் கொத்தவரையும் கேஜ்ரியின் அடியிலேயே விளைகின்றன. பொதுவாக மர நிழலில் பயிர் சவலையாகும்; கேஜ்ரியின் அடியிலோ பெரும்பாலும் திறந்த வெளியைவிட நன்றாக வருகிறது. இதன் ஆணிவேர் பயிரின் வேர் எட்டாத ஆழத்தில் நீரைத் தேடிக்கொள்வதால், மேல் மண்ணின் ஈரத்துக்கு அவ்வளவாகப் போட்டி இல்லை. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. உதிரும் இலை எருவாகிறது. குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து, 'லூங்' எனப்படும் காய்ந்த இலையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் சேமித்து வைக்கிறார்கள். எல்லாம் கருகும் சித்திரை வெயிலில் இந்த மரம் மட்டும் புதிதாகத் தளிர்த்துக் காய்க்கிறது. அந்தப் பிஞ்சுக் காய்தான் 'சாங்ரி'. வேகவைத்து வெயிலில் வற்றலாக்கினால் ஆண்டு முழுக்கக் கெடாது. 1868-69 பஞ்சத்தில் வேறெதுவும் கிடைக்காதபோது இதன் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்தார்கள். மழை பொய்த்த ஆண்டிலும் கைவிடாத மரத்தைத் தெய்வம் என்று சொன்னதில் வியப்பில்லை.

அப்படியானால் பயன்தானே மரத்தைக் காத்தது, பக்தி பிறகு பூசிய மெருகுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயன் மட்டும் எந்த மரத்தையும் காத்ததில்லை. பல நேரம் அதுவே மரத்துக்கு எமனாகிறது. வன்னி விறகு நின்று எரியும். அதற்காகவே அதை வெட்ட ஆள் வரும். 1730-இல் வந்தார்கள். ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் கட்டுமானப் பணிக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க விறகு தேவைப்பட்டது. அரசின் ஆட்கள் கேஜட்லி கிராமத்து மரங்களை வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பிஷ்னோய் சமூகப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், அவரை வெட்டினார்கள். அடுத்து அவருடைய மூன்று மகள்கள், பிறகு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து திரண்டு வந்தவர்கள் என 363 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அந்தச் சமூகம் காத்துவரும் கணக்கு. ஆட்டுத் தீவனத்துக்காகவும் காய் வற்றலுக்காகவும் யாரும் கழுத்தை நீட்டுவதில்லை. பிஷ்னோய்களின் குருவான ஜம்பேஸ்வரர் 1485-இல் வகுத்த 29 நெறிகளில் பச்சை மரத்தை வெட்டாதே என்பதும் ஒன்று. அந்த நெறி வாழ்க்கை முறைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. பிஷ்னோய்கள் இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். ஒரு சிதைக்கு ஆகும் விறகு அப்படியே மரத்தில் மிஞ்சுகிறது. கிளை கழிக்கலாம், காய் பறிக்கலாம், பட்டுப்போனதை எடுக்கலாம், உயிருள்ள மரத்தைச் சாய்க்கக் கூடாது. பயனை மறுக்காமல் அதற்கு எல்லை கட்டியது இந்த நம்பிக்கை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எல்லைதான்.

எல்லையில்லாத பக்தி என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. இங்கே வன்னிக்கு வழிபாட்டில் குறைவே இல்லை. பிள்ளையாருக்கு வன்னி இலை அர்ச்சனை உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் தலமரமும் வன்னிதான். விஜயதசமியன்று சுவாமி வன்னிமரத்தில் அம்பு போடும் விழா பல ஊர்களில் நடக்கிறது. ஆனால் அந்த அம்பைத் தைக்க மரம் எங்கே? பல கோயில்களில் வாழையை நட்டு, எங்கிருந்தோ ஒடித்து வந்த வன்னிக் கிளையை அதில் கட்டிச் சடங்கை முடிக்கிறார்கள். தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களுக்கு வன்னி அயல் மரமல்ல. இருந்தும் இன்று ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம். தாவரவியலாளர்கள் வெகுகாலம் வன்னியின் பேரினத்திலேயே வைத்திருந்த மரம் அது. மதில் சுவருக்குள் இருக்கும் வன்னியைச் சுற்றி வந்து மஞ்சள் துணி கட்டுகிறோம். மதிலுக்கு வெளியே அது இருந்ததா, போனதா என்று கேட்க வழிபாட்டில் இடம் வைக்கவில்லை.

ராஜஸ்தானில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், இல்லை. ஜோத்பூரில் உள்ள வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேஜ்ரி பட்டுப்போவதை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறார்கள். டிராக்டர் உழவு பக்க வேர்களை அறுக்கிறது, இளங்கன்றுகளைப் பிடுங்கி எறிகிறது. ஆண்டு தவறாமல் மொட்டையாகக் கழிப்பதால் மரம் நலிகிறது. நலிந்த மரத்தின் வேரில் துளைப்பான் வண்டின் புழுவும் பூஞ்சையும் ஏறுகின்றன. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை இறக்கிவிட்டன. கோடரியைத் தடுத்த நெறிக்கு டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. போதாததற்கு, பீகானேர், ஜோத்பூர் பகுதிகளில் சூரிய மின் திட்டங்களுக்காக ஆயிரக்கணக்கில் மரங்கள் வெட்டப்படுவதாக பிஷ்னோய்கள் போராடுகிறார்கள். ராஜஸ்தான் குத்தகைச் சட்டம் 1955-இல் மரம் வெட்டியவருக்கு வைத்த அபராதம் வெறும் 100 ரூபாய். கரி புகையாத மின்சாரம் நாட்டுக்கு வேண்டாமா என்று கேட்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை, வேண்டும்தான். ஆனால் ஒன்றுக்குப் பத்து நட்டுத் தருகிறோம் என்ற பதிலை ஏற்க முடியாது. நிதானமாக வளரும் மரம் இது. இன்று நட்ட கன்று காய்க்கவும் நிழல் தரவும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வயலை நம்பிய ஆட்டுக்காரருக்கு ஈடு யார் கொடுப்பது? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 'ஓரண்' எனப்படும் ராஜஸ்தானின் கோயில் காடுகளை அளந்து வரைபடமாக்க உத்தரவிட்டது. தெய்வத்தின் பெயரால் ஊர் காத்துவந்த நிலத்துக்குக் கடைசியில் சட்டத்தின் காப்பும் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு ஓரண்களோடு நிற்கிறது, தனியார் வயலில் நிற்கும் கேஜ்ரிக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டில் 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சீமைக்கருவேலத்தை அகற்றத் தொடங்கியபோது, வெட்டிய இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமல் போனது. வெறுமையாக விட்ட இடங்களில் அதுவே மறுபடி தழைத்தது. உவரும் வறட்சியும் தாங்கும், ஆட்டுக்குத் தீவனமாகும், அடியில் பயிர் வளரவிடும் மரம் ஒன்று இங்கேயே கோயில் கோயிலாக நிற்கிறது. மதிலுக்குள் தப்பிய அந்த மரங்கள்தான் இன்று நமக்குக் கைக்கெட்டும் விதை மரங்கள். நெற்று முற்றும் பருவத்தில் பிராகாரத்தில் உதிர்வது குப்பையோடு கூட்டித் தள்ளப்படுகிறது. அதைச் சேகரித்து, கெட்டியான விதையுறை இளக நீரில் ஊறவைத்து, பையில் முளைக்கவிட்டு, தலமரக் கன்று என்றே பக்தர்களிடம் கொடுப்பது எந்தக் கோயிலாலும் முடியும். வாங்குபவர் வீட்டு வாசலில் வைக்காமல் மானாவாரி வரப்பில் வைக்க வேண்டும்; ஆடு கடிக்காதபடி முதல் சில ஆண்டுகளுக்கு முள்வேலி போட வேண்டும்.