திரையில் வராத பெயர்கள்



காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ரஸ்தா வழியாக நான் அடிக்கடி பயணம் செய்வதுண்டு. பேருந்தில் ஏதேனும் ஒரு பழைய திரைப்பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும். பாடியவர் யார், இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார் என்று கேட்டால் பயணிகளில் பலர் தயங்காமல் விடை சொல்லிவிடுவர். ஆனால் பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் ஒரு புல்லாங்குழல் குழைகிறதே, அதன் பின்னே வயலின்கள் அலையென எழுந்து அடங்குகின்றனவே, அவற்றை ஒழுங்குபடுத்தி ஏட்டில் எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பேருந்தே மௌனமாகிவிடும்.

மதரசாவில் பாடம் நடத்துபவனுக்குச் சினிமாப் பாட்டில் என்ன வேலை என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்தலாம். இசை கூடுமா, கூடாதா என்ற ஆராய்ச்சிக்குள் நான் இங்கே நுழையவில்லை. அதற்குரிய இடம் வேறு. உழைத்தவனின் பெயர் எங்கே போய் மறைகிறது என்பதே என் கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடச் சினிமா உலகம் நல்லதோர் இடம்.

செட்டிநாட்டில் ஒரு கொட்டகை

நம் காரைக்குடிக்கும் திரையிசைக்கும் உள்ள உறவு இளைய தலைமுறைக்குத் தெரியாது. இவ்வூரில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் அவர்கள் 1945-இல் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். யுத்தத்தை ஒட்டிய அந்நாட்களில் சென்னையில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு இருந்தமையால், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் அமைத்து அங்கேயே ஸ்டூடியோவை நடத்தினார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கு உருவானதுதான். 1948-இல் நிறுவனம் சென்னை கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது.

'நாம் இருவர்' படத்துக்கு இசையமைத்தவர் ஆர். சுதர்சனம். ஏ.வி.எம்.மின் ஆஸ்தான இசையமைப்பாளராகப் பல்லாண்டுகள் விளங்கிய அவருக்கு கோவர்த்தனம் என்றோர் இளைய சகோதரர் இருந்தார். மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் ஸ்வரப்படுத்தி எழுதும் ஆற்றலுக்குப் பெயர் பெற்றவர் அவர். அண்ணனிடமும், பின்னர் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையரிடமும், இளையராஜாவிடமும் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1967-இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' உள்ளிட்ட ஒருசில படங்களுக்கே தனித்து இசையமைத்தார். 2017-இல் அவர் மறைந்தபோது, அச்செய்தியைப் படித்த பலருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை.

ஏட்டில் எழுதப்படும் இசை

இந்த உதவியாளரின் வேலைதான் என்ன? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டு அமைக்கிறார். கவிஞர் சொற்களைத் தருகிறார். அவ்வளவில் பாடல் முடிந்துவிடுவதில்லை. தொடக்க இசை எப்படி இருக்க வேண்டும், இடையிசையில் எந்தக் கருவி முதலில் பேச வேண்டும், பாடகரின் குரல் ஒலிக்கும்போது எவை அடங்கியிருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் இசையமைப்பாளரின் கருத்தறிந்து முறைப்படுத்தி, ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் கலைஞர்களுக்கு ஸ்வரத்தில். தேவாலயங்களில் பயின்று வந்த கிறிஸ்தவக் கலைஞர்களுக்கு மேனாட்டுக் குறியீட்டில்.

ஒலிப்பதிவு நடத்துவதும் அக்காலத்தில் எளிதன்று. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாடி வாசித்தாக வேண்டும். எங்கோ மூலையில் ஒருவருடைய வில் தவறினாலும் முதலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். இத்தனை பேரையும் கையசைவினால் கட்டி நடத்தியவரைப் பாடல் வெளிவந்தபின் யாரும் தேடுவதில்லை. கே.வி. மகாதேவனுக்குப் பல்லாண்டுகள் வலக்கரமாக நின்ற புகழேந்தியைப் போன்ற சிலருக்கே படத்தின் தொடக்கத்தில் 'உதவி' என்று ஒரு வரி கிடைத்தது. வாசித்தவர்களுக்கோ அன்றைய கால்ஷீட்டுக்குரிய கூலியோடு சரி.

உண்மையைச் சொன்ன ஆசான்

மறைந்த எம்.எஸ். விஸ்வநாதன் அவர்களின் பேட்டிகளில் நான் கண்டு வியந்த ஒன்றுண்டு. தம் சாதனைகளைக் கேட்டால் சுருக்கமாக முடித்துவிடுவார். தமக்கு வழிகாட்டியவர்களைப் பற்றிக் கேட்டால் நெகிழ்ந்துபோவார். அவ்வாறு அவர் பலமுறை நினைவுகூர்ந்த பெயர் எஸ்.எம். சுப்பையா நாயுடு.

கோவையில் ஜூபிடர் நிறுவனம் படமெடுத்துவந்த காலம். விஸ்வநாதன் அங்கே தேநீர் கொடுத்து எடுபிடி வேலை செய்துவந்த பையன். ஒருநாள் சுப்பையா நாயுடு இல்லாத வேளையில் ஆர்மோனியத்தை எடுத்து ஒரு மெட்டை வாசித்தான். திரும்பிவந்த நாயுடுவுக்கு அது பிடித்துப்போயிற்று. 1948-இல் வெளிவந்த 'அபிமன்யு' படத்தில் சேர்த்துக்கொண்டார். சிறுவன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சி, யாரிடமும் சொல்லாதிருக்கும்படி அவனிடம் கூறிவிட்டார்.

இதுவரை இது வழக்கமான கதைதான். இளையவனின் உழைப்பு மூத்தவரின் பெயரில் போவது எந்தத் தொழிலில் இல்லை? ஆனால் பின்னர், ஜூபிடர் நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் புறப்பட்டபோது, நாயுடு முதலாளியிடம் சென்று அந்த மெட்டு இப்பையனுடையது என்ற உண்மையைச் சொன்னார். இவனைக் கைவிடாமல் அழைத்துச் செல்லுங்கள் என்றும் பரிந்துரைத்தார். பெயரைத் தம்மிடமே வைத்துக்கொள்ள முழு வாய்ப்பிருந்தும் உரியவனிடம் திருப்பிக் கொடுத்தார்!

சென்னையில் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் விஸ்வநாதன் ஆர்மோனியமும், டி.கே. ராமமூர்த்தி வயலினும் வாசித்தனர். 1952-இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைய, அவர் விட்டுச்சென்ற பணிகளை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். அதே ஆண்டு 'பணம்' படத்தின் வாயிலாக இரட்டையராக அறிமுகமாயினர். அதைத் தயாரித்த ஏ.எல். சீனிவாசன் நம் சிறுகூடல்பட்டியைச் சேர்ந்தவர். கவிஞர் கண்ணதாசனின் அண்ணன் என்பது குறிப்பிடத்தக்கது.

விஸ்வநாதன் புகழின் உச்சியை அடைந்த பின்னரும் பழைய கடனை மறக்கவில்லை. முதுமையில் சுப்பையா நாயுடுவையும் அவர் மனைவியையும் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். 1979-இல் ஆசான் மறைந்தபோது மகனுடைய ஸ்தானத்தில் நின்று கடமைகளைச் செய்தார்.

விருதை மறுத்த நடிகர்

வடநாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. இசை மேதை நௌஷாத் அவர்களிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவர் குலாம் முஹம்மது. பிற்பாடு 'பாகீஸா' படத்துக்குத் தாமே இசையமைத்தார். அப்படம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து 1972-இல்தான் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை, 1968-இலேயே காலமாகிவிட்டார். எஞ்சிய பின்னணி இசையை முடித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? அவருக்கு முதலாளியாயிருந்த நௌஷாத்! உதவியாளரின் வேலையை ஆசானே செய்து முடித்த அழகை என்னென்பது!

மறு ஆண்டு ஃபிலிம்ஃபேர் இசை விருது பாகீஸாவுக்குக் கிடைக்கவில்லை; 'பே-இமான்' என்னும் படத்துக்குச் சென்றது. அதே படத்தில் நடித்ததற்காக பிரான் என்னும் நடிகருக்கும் விருது அறிவித்திருந்தார்கள். குலாம் முஹம்மதுக்கு உரியதைக் கொடுக்காத மேடையில் எனக்கும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். இறந்துபோன ஒருவருக்காக, தம் சொந்தப் படத்துக்குக் கிடைத்த பெருமையையே தள்ளி வைத்தார்.

வாடகைக்குச் சென்ற கருவிகள்

ஆர்.கே. சேகர் என்பவரும் இவ்வரிசையில் வைக்கத்தக்கவர். சென்னையிலிருந்து மலையாளப் படவுலகின் பல இசையமைப்பாளர்களுக்கு வாத்திய இசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர். 1976-இல், நாற்பத்து மூன்றே வயதில் காலமானார். அப்போது அவருடைய மகனுக்கு வயது ஒன்பது. அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை விற்காமல் வாடகைக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார் அவர் மனைவி. அம்மகன்தான் ஏ.ஆர். ரஹ்மான். அத்தாய், 2020 டிசம்பரில் காலமான கரீமா பேகம் அவர்கள்.

புகழ் பெற்றபின் ரஹ்மான் செய்த ஒரு காரியம் என் நெஞ்சைத் தொட்டது. தம் பாடல் ஒலிநாடாக்களின் உறைகளில் புல்லாங்குழல் இன்னார், கிட்டார் இன்னார் என்று வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடச் செய்தார். உறையைப் பார்த்தே வாத்தியக் கலைஞர்களை ரசிகர்கள் அறியலாயினர்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது?

இவற்றையெல்லாம் எழுத எனக்குத் தகுதி உண்டா என்றால், இல்லை. எங்கள் மதரசா ஆண்டு விழாவில் ஒருமுறை மாணவர்கள் பைத் ஓதினார்கள். சபையே மெச்சியது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையில் இரண்டு மாதங்கள் மாலை தோறும் அப்பிள்ளைகளை உட்காரவைத்துப் பழக்கியவர் ஒரு முதிய உஸ்தாத். அன்று அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. அவர் பெயரை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். நன்றி பாராட்டுதல் பற்றிய நபிமொழியை அவ்வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன்! அடுத்த ரமளானுக்குள் அந்தப் பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். சுப்பையா நாயுடுவுக்குக் கிடைத்த வாய்ப்பு எனக்கும் கிடைத்தது, நான் நழுவவிட்டேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெருநாள் விருந்தை எண்ணிப் பாருங்கள். உண்டு மகிழ்ந்த விருந்தினர் வீட்டுத் தலைவரின் கையைப் பிடித்து, "பிரமாதம்" என்கிறார். அவரும் புன்னகையோடு அதை ஏற்றுக்கொள்கிறார். சுபுஹுக்கு முன்பே எழுந்து அடுப்பின் முன் நின்றவர் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடையில் வாடிக்கையாளர் பாராட்டும்போதும் இதே கதைதான். அந்தப் பாராட்டுக்குரிய பையன் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பான்.

பாராட்டு நம் கைக்கு வரும்போது ஒரு கணம் நிறுத்தி, "இது இன்னாருடைய உழைப்பு" என்று சொல்ல நமக்கு என்ன செலவு? காசு வேண்டாம், மேடை வேண்டாம். ஒரு பெயரை உச்சரிக்கும் நேரம் போதும். அடுத்த பெருநாளில் விருந்தினர் உங்களைப் புகழும்போது, கதவுக்கு அப்பால் கேட்கும்படி சற்று உரக்கவே சொல்லுங்கள்.