போட்டோ என்று பெயர் சொல்லி உள்ளே வரும் திருடன்!



எங்க பெரியப்பா மகள் அக்கா ஒரு படிப்புக்கு இன்டர்நெட்டில் விண்ணப்பம் போட்டாங்க. போட்டோ, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் அப்லோடு செஞ்சாங்க. நாலு நாள் கழித்துப் பார்த்தால் அந்த வெப்சைட்டில் வேறு ஏதோ படம் இருந்தது. "ஹேக் பண்ணிட்டாங்க" என்றார் கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன். அக்கா ஒன்றுதான் கேட்டாங்க: "என் மார்க் ஷீட் இப்போ யார்கிட்ட இருக்கு?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

பிளக்-இன் என்றால் என்ன?

வெப்சைட் செய்ய வேர்டுபிரஸ் என்ற இலவச மென்பொருள் உள்ளது. இது 2003-ல் வந்தது. டிராக்டருக்குக் கலப்பை, டிரெய்லர் மாட்டுகிற மாதிரி இதில் வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாட்டுவதற்குப் பெயர்தான் பிளக்-இன். விண்ணப்பப் படிவத்துக்கு ஒன்று, போட்டோ காட்ட ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. டிராக்டர் நன்றாக இருந்தாலும் மாட்டின சாமானில் கோளாறு இருந்தால் ஆபத்துதானே!

திருடன் எப்படி நுழைகிறான்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஒரு மூட்டை வருகிறது. மேலே 'தக்காளி' என்று எழுதியிருக்கிறது. வாட்ச்மேன் எழுத்தை மட்டும் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். மூட்டைக்குள் திருடன் இருந்தால்?

போட்டோ பைலின் பெயர் 'ஜே.பி.ஜி.' என்று முடியும். அதைப் பார்க்க மட்டும்தான் முடியும். 'பி.எச்.பி.' என்று முடிவது கட்டளை பைல். அது வெப்சைட்டுக்குள் போய்விட்டால், சர்வர் அதைப் படித்து அது சொன்ன வேலையைச் செய்யும். அப்புறம் உள்ளே இருக்கிற எதையும் எடுக்கலாம், அழிக்கலாம், மாற்றலாம்.

2020-ல் நடந்த இரண்டு சம்பவங்கள்

ஒன்று: 'பைல் மேனேஜர்' என்ற பிளக்-இன் 7 லட்சத்துக்கும் அதிகமான வெப்சைட்டுகளில் இருந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் யாரும் பைல் போடலாம் என்ற ஓட்டையைத் திருடர்கள் முதலில் கண்டுபிடித்துவிட்டார்கள். செப்டம்பர் 1-ம் தேதி சரிசெய்த 6.9 பதிப்பு வந்தது. அதன் பிறகும் அப்டேட் செய்யாதவர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள்.

இரண்டு: 'கான்டாக்ட் பார்ம் 7' 50 லட்சம் வெப்சைட்டுகளில் இருந்த பிளக்-இன். பைல் பெயரில் 'பி.எச்.பி.', 'ஜே.பி.ஜி.' இரண்டையும் எழுதி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டால் அது ஏமாந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் நம் இந்தியர்கள் தொடங்கிய ஆஸ்ட்ரா நிறுவனத்தின் ஜின்சன் வர்கீஸ். அவர் ஊரெல்லாம் சொல்லாமல் முதலில் பிளக்-இன் செய்தவருக்குச் சொன்னார். டிசம்பர் 17-ல் 5.3.2 பதிப்பு வந்து ஓட்டை அடைபட்டது.

ஓட்டை இரண்டிலும் ஒரே மாதிரிதான். யார் முதலில் பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்!

தடுப்பது எப்படி?

1. பெயரை நம்பாமல் பைலுக்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டும்.
2. 'இந்த வகை மட்டும் வரலாம்' என்று பட்டியல் வைக்க வேண்டும்.
3. வந்த பைலுக்கு வேறு பெயர் வைத்து, கட்டளை ஓடாத இடத்தில் வைக்க வேண்டும்.
4. அப்டேட் வந்த அன்றே போட வேண்டும். தேவையில்லாத பிளக்-இன்னை நீக்க வேண்டும்.

நண்பர்களே, விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் வெப்சைட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-ன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இணையத்தில் பணம் ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அக்கா திரும்பவும் விண்ணப்பம் போட்டுவிட்டாங்க. ஆனால் அவங்க கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நாளைக்கு நம்மில் யாராவது வெப்சைட் செய்தால், அதில் வருவது வெறும் பைல் இல்லை, ஒரு அக்காவின் மார்க் ஷீட் என்று நினைத்துக்கொள்வோம்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, தொப்பம்பட்டி