504 வந்துச்சுன்னா வேலை நின்னுடுச்சுனு அர்த்தம் இல்ல

கொஞ்ச நாளா உங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "எங்க சர்வர்ல ஒரு ரிக்வெஸ்ட் ரெண்டு நிமிஷம் ஓடுது, நடுவுல 504 வந்துடுது. டைம்அவுட்டை எவ்வளவு ஏத்தி வைக்கணும்?" பதிலுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறேன்.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனி. பேர் வேண்டாம். மாசக் கடைசியில அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு பட்டனை அமுக்கினா, எல்லா கஸ்டமருக்கும் இன்வாய்ஸ் போய்டும். கோடு நான் எழுதினது. இருபது கஸ்டமர் இருந்தப்போ சட்டுனு முடிஞ்சது. முந்நூறு ஆனப்போ ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சு. அந்த மாசம் அக்கா அமுக்கினாங்க, சரியா ஒரு நிமிஷத்துல 504 கேட்வே டைம்அவுட். மறுபடி அமுக்கினாங்க. மறுபடியும் 504. மூணாவது தடவையும் அமுக்கினாங்க. யாரா இருந்தாலும் அதைத்தானே செய்வோம்?

சாயங்காலம் போன் மேல போன். "ஏங்க, ஒரே பில்லை மூணு தடவை அனுப்பியிருக்கீங்க?" ஜிஎஸ்டி இன்வாய்ஸ் நம்பர் வரிசையா போகணும், நடுவுல இருக்கிறதை சும்மா டிலீட் பண்ண முடியாது. ஒவ்வொண்ணுக்கும் கிரெடிட் நோட் போடணும். தப்பு என்னோடது, ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தது அக்கா.

அப்போ உள்ள என்ன நடந்துச்சு? பிரவுசருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல நாலஞ்சு பேர் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு தனி கடிகாரம். என்ஜின்எக்ஸ்ல ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் டீஃபால்ட்டா 60 செகண்ட். அமேசான் லோட் பேலன்சர்ல ஐடில் டைம்அவுட் 60. குனிகார்ன் 30 செகண்ட்ல வொர்க்கரையே கொன்னுடும். அதை நான் ஏற்கெனவே 300-க்கு ஏத்தி வெச்சிருந்தேன், பெருமையா. அதனால என்ஜின்எக்ஸ் 60-வது செகண்ட்ல பொறுமை இழந்து 504 கொடுத்துடுச்சு. பின்னாடி இருந்த குனிகார்னுக்கு அது தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு இன்வாய்ஸ் போட்டுக்கிட்டே இருந்துச்சு. 504-னா "நான் காத்திருக்கிறதை நிறுத்திட்டேன்"னு அர்த்தம். வேலை தோத்துடுச்சுனு அர்த்தம் இல்ல.

இங்க ஒரு சின்ன விஷயம், பலரும் தப்பா புரிஞ்சுக்கிறது. என்ஜின்எக்ஸோட அந்த 60 செகண்ட் மொத்த நேரம் கிடையாது. பின்னாடி இருந்து வர்ற ஒரு ரீடுக்கும் அடுத்த ரீடுக்கும் நடுவுல இருக்கிற அமைதி. அதனாலதான் பெரிய சிஎஸ்வி ஃபைலை வரிவரியா ஸ்ட்ரீம் பண்ணா அஞ்சு நிமிஷம்கூட தாங்கும். டவுன்லோடு மாதிரி வேலைக்கு அது போதும். இன்வாய்ஸ், பேமெண்ட் மாதிரி எதையாவது மாத்துற வேலைக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

சரி, எல்லா கடிகாரத்தையும் பத்து நிமிஷத்துக்கு ஏத்திட்டா? குனிகார்ன்ல சாதாரண சிங்க் வொர்க்கர் நாலு இருக்குன்னு வைங்க. நாலு பேர் அந்த பட்டனை அமுக்கினா அவ்வளவுதான், அஞ்சாவது ஆளுக்கு லாகின் பேஜ்கூட வராது. அதோட, யூசர் வைஃபைல இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ லேப்டாப்பை மூடினாலோ கனெக்‌ஷன் போச்சு. அந்த கடிகாரம் உங்க கையில இல்ல.

ஹோட்டல் பார்சல் கவுன்ட்டரை யோசிச்சுப் பாருங்க. பிரியாணி ரெடியாகற வரைக்கும் உங்களை கவுன்ட்டர்லயே நிக்க வெச்சா பின்னாடி இருக்கிற வரிசை நகராது. அதனால டோக்கன் கொடுக்கிறாங்க. நாமளும் அதையே பண்ணலாம். ரிக்வெஸ்ட் வந்ததும் டேட்டாபேஸ்ல ஒரு ஜாப் வரி எழுதி, 202 அக்செப்டட் கூட ஜாப் ஐடியை உடனே திருப்பிக் கொடுத்துடுங்க. உண்மையான வேலையை செலரி மாதிரி ஒரு பேக்ரவுண்ட் வொர்க்கர் எடுத்துப் பண்ணட்டும். பிரவுசர் மூணு செகண்டுக்கு ஒருக்கா "என் டோக்கன் என்னாச்சு?"னு கேக்கட்டும். "300-ல 140 முடிஞ்சது"னு ஸ்க்ரீன்ல தெரிஞ்சா யாரும் மறுபடி அமுக்க மாட்டாங்க.

ஆனா க்யூ போட்டாச்சு, தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. அமேசான் எஸ்க்யூஎஸ்ல விசிபிலிட்டி டைம்அவுட் டீஃபால்ட்டா 30 செகண்ட். அதுக்குள்ள வேலையை முடிச்சு மெசேஜை டிலீட் பண்ணலைனா, அதே மெசேஜ் இன்னொரு வொர்க்கர் கைக்குப் போகலாம். அதே ரெட்டை வேலை, இந்த தடவை அக்கா இல்லாமலே! அதனால ஒரே வேலை ரெண்டு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் நடக்கணும். நாங்க கடைசியில இன்வாய்ஸ் டேபிள்ல கஸ்டமர் ஐடி, மாசம் ரெண்டையும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டோம். ரெண்டாவது இன்வாய்ஸை டேட்டாபேஸே உள்ள விடாது. ஒரே ஒரு வரிதான். ஜாப், க்யூ எல்லாம் எழுத ரெண்டு வாரம் ஆச்சு, இந்த வரியை அன்னைக்கு ராத்திரியே போட்டுட்டேன். நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா இங்க இருந்தே ஆரம்பிங்க.

அடுத்த மாசம் அக்கா பட்டனை அமுக்கினாங்க. ஸ்க்ரீன்ல நம்பர் ஏறிக்கிட்டே போச்சு. அப்பவும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு தடவைதான் அமுக்கினேன், சரியா?"னு கேட்டாங்க.