கோடைக்காலக் கண்காட்சி: ஏப்ரலில் தொடங்க வேண்டிய பாடம்

மே 18, பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் இந்த நாள், நம் மாநிலத்தில் கோடை விடுமுறையின் நடுவே வருகிறது. அதையொட்டிப் பல அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும் சிறப்புக் கண்காட்சிகளும், ஓவியம், களிமண் வேலை போன்ற பயிற்சி முகாம்களும் நடக்கின்றன. நாளிதழில் செய்தி பார்த்து, பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இவை நல்ல வாய்ப்பு. ஆனால் நம் வகுப்பறைகளில் இருக்கும் குழந்தைகளில் பலருக்கு அந்தச் செய்தியே எட்டுவதில்லை. சொல்ல வேண்டிய ஆசிரியரும் அப்போது பள்ளியில் இல்லை.

எனவே, கோடைக்காலக் கண்காட்சி நம் மாணவர்களைச் சென்றடைய வேண்டுமானால், அதற்கான வேலை ஏப்ரலிலேயே தொடங்க வேண்டும். எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்ற மூன்றையும் விடுமுறைக்கு முன்பே நாம் சொல்லி அனுப்பினால், மாவட்டத் தலைநகருக்குத் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ போகிற குடும்பம்கூட ஒரு மணி நேரம் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து வரும்.

அருகில் என்ன இருக்கிறது?

அருங்காட்சியகம் என்றதும் எழும்பூர்தான் நம் நினைவுக்கு வரும். 1851இல் தொடங்கப்பட்ட அந்த அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அருங்காட்சியகத் துறையின்கீழ், சென்னையையும் சேர்த்து, இருபதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் மாநிலம் முழுவதும் உள்ளன. திருச்சியில் இராணி மங்கம்மாள் மண்டபத்திலும், வேலூரில் கோட்டைக்குள்ளும் அவை இயங்குகின்றன. புதுக்கோட்டை அருங்காட்சியகம் சமஸ்தானக் காலத்தில், 1910இல் தொடங்கப்பட்டது. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் கலைக்கூடமும் சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தொல்லியல் துறையின் பொறுப்பில் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் போன்றவையும், 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும் உள்ளன.

இக்கால ஓவியங்களையும் சிற்பங்களையும் காண விரும்புவோருக்குச் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையம், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆகியவை இருக்கின்றன. கலைத் திருவிழாவில் பரிசு பெற்ற மாணவர் ஒருவர், ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் படைப்புகளை நேரில் பார்க்க இவை உதவும்.

சிறப்புக் கண்காட்சி ஏன் சில நாள்களே நடக்கிறது?

“அருங்காட்சியகம் எப்போதும் திறந்துதானே இருக்கிறது, தனியாகக் கண்காட்சி எதற்கு?” என்று மாணவர் கேட்கலாம். எந்த அருங்காட்சியகமும் தன்னிடம் உள்ள அனைத்தையும் காட்சிக்கு வைப்பதில்லை. பெரும்பகுதி சேமிப்பு அறைகளில் இருக்கும். அதற்கு இடப் பற்றாக்குறை ஒரு காரணம். இன்னொரு முக்கியமான காரணம் ஒளி.

துணி, காகிதம், ஓலைச்சுவடி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் நிறத்தையும் வலிமையையும் ஒளி சிறிது சிறிதாக அழிக்கிறது. இப்படி மங்கிய நிறம், பொருளை மீண்டும் இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது. அதனால் இத்தகைய பொருள்களின் மேல் விழும் ஒளி 50 லக்ஸ் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் பொதுவான நெறி. சில வாரங்கள் காட்டிவிட்டு மீண்டும் இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். கல்லுக்கும் செம்புக்கும் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் அவை ஆண்டு முழுவதும் காட்சியில் இருக்கின்றன. இன்று சிறப்புக் கண்காட்சியில் பார்க்கும் ஓர் ஓலைச்சுவடியையோ பழைய ஓவியத்தையோ மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இதை விளக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு வண்ணத் தாளின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, வெயில் விழும் சன்னல் ஓரத்தில் விடுமுறை முழுவதும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஜூன் மாதம் நாணயத்தை எடுத்தால், அது மூடியிருந்த வட்டம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். அதைக் கண்ட மாணவருக்கு, ஓவியக்கூடம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“தொடாதீர்கள்” என்ற அறிவிப்புக்கும் காரணம் உண்டு. நம் கை வியர்வையில் உப்பும் ஈரமும் உள்ளன. செப்புத் திருமேனிகளில் இவை சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடி கிளம்பி உலோகத்தை அரிக்கத் தொடங்கும். இத்தகைய பாதிப்புகளைச் சீராக்குவதற்காகவே எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் ஏற்படுத்தப்பட்டது. அரிப்புக்கு உள்ளான செப்புப் பொருள்களை அங்கே மின்னாற்பகுப்பு முறையில் சீர்செய்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியருக்கு இது பயன்படும் எடுத்துக்காட்டு.

பொருள்கள் எங்கிருந்து வந்தன?

மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலைகளில் பல, வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதும், ஏர் உழும்போதும், குளம் வெட்டும்போதும் கிடைத்தவை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லலாம். அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ளும்போது உரியவர்களுக்குத் தொகை வழங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் மாணவர்கள் காடு கழனிகளில் நடமாடுபவர்கள். பழைய நாணயமோ பானை ஓடோ முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். அதை என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் சில பொருள்கள் அகழாய்வில் கிடைத்தவை. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. இப்போது ஆதிச்சநல்லூரிலேயே, அகழ்ந்த குழிக்குள் முதுமக்கள் தாழிகள் இருக்கும் நிலையிலேயே, மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்டுகிறார்கள். ஒரே ஊரின் பொருள்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. “இவை எங்கே இருக்க வேண்டும்?” என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். விவாதம் எளிதில் முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்களுடன் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் இருந்தபோது, விளக்க அட்டைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு சிலையின் முன் நின்றுவிட்டாள். அட்டையில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டி, “இது எங்க அம்மாச்சி ஊரு சார்!” என்றாள். அந்த விடுமுறையில் அம்மாச்சி வீட்டுக்குப் போனவள், சிலை எந்த இடத்தில் கிடைத்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள். பாடநூலில் இருக்கும் வரலாறு தன் ஊரிலும் நடந்தது என்ற எண்ணத்தை ஒரு மாணவிக்கு ஏற்படுத்த, அருகில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தால் முடிகிறது.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம்

சுற்றுலாவில் நாம் வழக்கமாகச் செய்வது, மாணவர்களை வரிசையாக நிறுத்தி, எல்லாக் கூடங்களையும் முக்கால் மணி நேரத்தில் நடத்திக் கூட்டி வருவது. வெளியே வந்ததும் “என்ன பார்த்தாய்?” என்றால், “சிலை பார்த்தோம், பாம்பு பார்த்தோம்” என்பார்கள். அதற்கு மாறாக, ஒரே பொருளின் முன் பத்து நிமிடம் நிற்கச் சொல்லலாம்.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் திருமேனி இருக்கிறது. முதலாம் இராஜராஜன் ஆட்சியின் இறுதிப் பகுதியில், 1011ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்டது. அதன் முன் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இவர் கை எதன்மேல் இருக்கிறது?” மாணவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். கை வெறும் காற்றில் மடிந்து நிற்கும். கால்களை மாற்றி வைத்து, எதன்மீதோ சாய்ந்து நிற்பது போன்ற நிலை. “பக்கத்தில் ஏதோ இருந்திருக்கிறது” என்று ஒருவர் சொல்வார். பெயரைப் படித்த இன்னொருவர் “காளை!” என்பார். ஆம், காளை இப்போது இல்லை. இருக்கும் பொருளிலிருந்து இல்லாத பொருளைக் கண்டுபிடிப்பதுதான் வரலாற்று அறிஞர் செய்யும் வேலை. அதை மாணவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறார்கள்.

பிறகு, இது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு வரலாம். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிக் காயவைப்பார்கள். சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் களிமண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு சிலையும் தனி. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் வார்க்கிறார்கள்.

வகுப்புக்கு ஏற்ற வேலை

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு வேலை போதும்: பிடித்த ஒரு பொருளைப் பார்த்து வரைதல். வரையும்போதுதான் கண் நின்று பார்க்கிறது. கைப்பேசியில் படம் எடுப்பது இதற்கு ஈடாகாது. சேமிப்புப் பையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும். பேனா வேண்டாம், மை சிந்தக்கூடும்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு விளக்க அட்டையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பொருளின் பெயர், எதனால் ஆனது, எங்கே கிடைத்தது, எந்தக் காலம் ஆகிய நான்கையும் குறித்து வரச் சொல்லுங்கள். “கி.பி. 11ஆம் நூற்றாண்டு” என்றால் 1100க்குப் பிறகு என்றே பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அது 1001 முதல் 1100 வரை என்பதை விடுமுறைக்கு முன்பே கரும்பலகையில் காட்டிவிடுவது நல்லது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் கண்காட்சியையே கேள்வி கேட்கலாம். இந்தப் பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இங்கே யாருடைய வாழ்க்கை இருக்கிறது, யாருடையது இல்லை? அரண்மனைக் காட்சியில் வாளும் பல்லக்கும் இருக்கும். கீழடியில் நூல் நூற்கும் தக்களி, விளையாட்டுச் சில்லுகள், பகடை, ஆதன் போன்ற பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகள் இருக்கின்றன. பாண்டி ஆடும் பெண் குழந்தைக்கு அந்தச் சில்லு என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஜூன் மாதத்தில்

கண்காட்சிக்குப் போக முடியாத குழந்தைகள் எப்போதும் இருப்பார்கள். விடுமுறையில் வேலைக்குப் போகிறவர்களும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கிறவர்களும் நம் வகுப்பில் உண்டு. போய் வந்தவர்களை மட்டும் பேசவைத்துப் பாராட்டினால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். எனவே பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் வகுப்பறையிலேயே ஒரு கண்காட்சி வைக்கலாம். வீட்டில் இருக்கும் உழக்கு, படி, அரிக்கேன் விளக்கு, பனையோலைப் பெட்டி, தாத்தாவின் பழைய குடும்ப அட்டை என எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் அருங்காட்சியகத்தில் உள்ளதைப் போல் நான்கு வரி விளக்க அட்டையும் ஒரு வரிசை எண்ணும் மாணவரே எழுத வேண்டும். கண்காட்சி பார்த்து வந்தவர்கள் அட்டை எழுத உதவலாம். பொருள் கொண்டு வந்தவர் அதன் கதையைச் சொல்லலாம். பெற்றோரின் ஒப்புதலுடன் வாங்கி, அன்று மாலையே பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

புறப்படும் முன்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற இடங்களில் விடுமுறை நாள் மாறுபடும். தொலைபேசியில் கேட்டு, நேரம், கட்டணம், மாணவர் சலுகை, சிறப்புக் கண்காட்சியின் கடைசி நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஏப்ரலிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெற்றோர் புலனக் குழுவிலும் பகிரலாம். மே வெயிலில் காலை நேரமே ஏற்றது. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம். பள்ளி சார்பில் அழைத்துச் செல்வதானால், ஏப்ரலிலோ ஜூலையிலோ தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோரின் அனுமதியுடன் செல்வது நல்லது. விடுமுறையில் குடும்பத்துடன் போய்வரச் சொல்லி அனுப்புவதே பொருத்தம்.

அருங்காட்சியகக் காப்பாட்சியரை ஒருமுறை நேரில் சந்தித்து, “எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்” என்று சொல்லி வையுங்கள். கூட்டமில்லாத நாளில் வரும் நான்கு பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கி விளக்கும் அலுவலர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவது நம் வேலை.