'பை' என்னும் ஆங்கிலச் சிறுசொல்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணாக்கன் பெரிய சொற்களைக் கண்டு அஞ்சுகின்றான். ஆனால் அவன் தவறுவதோ சிறிய சொற்களிலேதான். பெரிய சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருளோ இரு பொருளோ இருக்கும். பார்த்து மனத்திற் பதித்துக்கொண்டால் அச்சம் தீர்ந்துவிடும். சிறு சொல்லின் நிலைமை வேறு. அகராதியைத் திறந்தால் ஒரு பக்கம் முழுவதும் அதன் பொருள்கள் நிரம்பியிருக்கும். இரண்டே எழுத்துக்களாலாகிய 'பை' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. தமிழ்ப் பிள்ளையின் செவிக்கு அது சட்டைப் பையையோ புத்தகப் பையையோ நினைவூட்டும். பையிற் பல பொருள்கள் கிடப்பதுபோல் இச்சொல்லினுள்ளும் பல பொருள்கள் கிடக்கின்றன என்று அப்பிள்ளை எண்ணுமாயின், அதுவும் தவறன்று.

ஆங்கில இலக்கண நூலார் இச்சொல்லை முன்னிடைச்சொல் வகையிற் சேர்ப்பர். பெயருக்கு முன்னே நின்று, அப்பெயருக்கும் வாக்கியத்தின் ஏனைய உறுப்புக்களுக்குமுள்ள தொடர்பைக் காட்டுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. தமிழில் அவ்வேலையைப் பெயருக்குப் பின்னே வரும் வேற்றுமையுருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. ஆதலின், ஆங்கிலச் சிறுசொல் ஒன்றுக்கு நேராகத் தமிழ்ச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதனையே ஒட்டிவிடுதல் இயலாது. 'பை' வரும் ஒவ்வோரிடத்திலும், இங்கே எத்தொடர்பு கூறப்படுகின்றது என்று வினாவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களையும்விடப் பொருத்தமான இடம் வேறு தேட வேண்டுவதில்லை.

கண்டி நகரின் நடுவேயுள்ள வாவியிலிருந்து தொடங்கலாம். அதன் கரையோரத்தில் ஒரு வீடு இருக்குமாயின், ஆங்கிலத்தில் அதனை 'பை த லேக்' உள்ள வீடு என்பர். இங்கே 'பை' என்பதற்கு அருகில், ஓரத்தில் என்பதே பொருள். இச்சொல்லின் மிகப் பழைய பொருள்களுள் இதுவும் ஒன்று. ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியிலுள்ள 'பை' என்னுஞ் சொல்லும் இன்றுவரை அண்மைப் பொருளைத் தாங்கி நிற்கின்றது. ஏனைய பொருள்களுட் பல இதிலிருந்து கிளைத்தனவே. ஒருவன் அருகே நின்று ஒரு கருமம் நிகழ்ந்தால், அது அவனாலே நிகழ்ந்தது என்று கொள்ளும் நிலை பின்னர்த் தோன்றுதல் இயல்பன்றோ?

அந்த வாவியே இரண்டாவது பொருளையும் கற்பிக்கின்றது. அதனை ஆக்கியவன் கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். 1815இல் அரசிழந்து, பின்னர் வேலூரிற் சிறையிருந்து 1832இல் இறந்தவன் அவன். வாவி அவனால் ஆக்கப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் 'பை' என்னுஞ் சொல்லை மன்னன் பெயருக்கு முன்னே வைத்துக் கூறுவர். ஆயினும் மன்னன் மண்வெட்டி எடுத்தானல்லன். மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் குடிமக்கள். தமிழிலக்கணம் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருக்கின்றது. மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாப் பொருளை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இரண்டாக வகுத்துள்ளனர். தானே செய்பவன் முன்னவன். பிறரைக் கொண்டு செய்விப்பவன் பின்னவன். தமிழின் 'ஆல்' உருபும் ஆங்கிலத்தின் 'பை' என்னுஞ் சொல்லும் இவ்விருவரையும் ஒரே முறையிற் சுட்டுகின்றன. யார் ஏவினார், யார் இயற்றினார் என்பதைப் படிப்பவரே பகுத்தறிதல் வேண்டும்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது மற்றொன்றுண்டு. செயப்பாட்டு வினை வாக்கியத்திலே 'பை' என்பதையும் அதன்பின் வரும் பெயரையும் விட்டுவிடலாம், வாக்கியம் குறைபடாது. 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினால் இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆனால் நிராகரித்தவர் யாரென்பது மறைந்துவிடுகின்றது. அலுவலகக் கடிதங்கள் இவ்வகை வாக்கியங்களை மிகவும் விரும்புகின்றன. அத்தகைய கடிதம் கையிற் கிடைத்தால், இதில் 'பை' எங்கே, அதன்பின் யாருடைய பெயர் வந்திருக்க வேண்டும் என்று கேட்பது மாணவனுக்கு மட்டுமன்றி, குடிமகனுக்கும் நல்ல பயிற்சியாகும்.

மூன்றாவது பொருள் கருவி அல்லது வழி. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. அன்றுமுதல் 'பை ட்றெயின்' கண்டிக்கு வருதல் கைகூடிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'பை' என்பதற்கும் 'ட்றெயின்' என்பதற்கும் இடையே 'த' என்னுஞ் சுட்டுச்சொல் இல்லை. அச்சுட்டினைச் சேர்த்து, ஒருவர் 'பை த ட்றெயின்' நிற்கின்றார் என்றால், அவர் புகையிரதத்தின் அருகே நிற்கின்றார் என்பதே பொருள். சுட்டு வந்தமையால் பயணஞ்செய்தவர் மேடையில் நிற்பவராக மாறிவிட்டார். கையாற் செய்தல், கடிதமூலம் அறிவித்தல், பெயர் சொல்லி அழைத்தல் ஆகியவற்றிலும் இச்சுட்டின்றியே 'பை' வரும்.

நான்காவது பொருள் அளவு. இதனை விளக்கத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லுதல் வேண்டும். கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கையில் வாணிகத்துக்கெனத் தேயிலை வளர்ந்த வரலாறு அங்கே தொடங்குகின்றது. அம்மலைகளில் வேலைசெய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர் வழித்தோன்றல்களும் நாட்கூலி பெற்றனர். ஆங்கிலத்தில் அது 'பை த டே' கொடுக்கப்படுங் கூலி. காலையிற் பெரட்டுக்கு வந்து நின்று, குறித்த அளவு கொழுந்தெடுத்தால், செக்றோலில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அளவுக்கு மேலெடுத்த கொழுந்துக்குக் கூலி நிறையை நோக்கிக் கொடுக்கப்படும். அதனையும் 'பை' என்றே ஆங்கிலத்திற் கூறுவர்.

ஆனால் 'பை டே' என்று சுட்டின்றிச் சொன்னால், பகற்பொழுதில் என்று பொருளாகும். 'டே பை டே' என்று இரட்டித்தாலோ நாளுக்கு நாள், நாடோறும் என்றாகும். பகலில் வேலைசெய்தல், நாட்கூலிக்கு வேலைசெய்தல், நாளுக்கு நாள் முதுமையடைதல் ஆகிய மூன்றும் ஒரு தொழிலாளியின் வாழ்விலே ஒருங்கே நிகழ்வன. அவற்றை வேறுபடுத்திக் காட்டச் சுட்டுச்சொல்லும் சொல் நிற்கும் முறையுமே ஆங்கிலத்துக்குப் போதுமாகின்றன.

ஐந்தாவது பொருள் கால எல்லை. ஆங்கிலம் பயிலுந் தமிழ் மாணவர் மிகுதியாகத் தவறும் இடம் இதுவே. 'கூலி பத்தாந் திகதிக்குள் கொடுக்கப்படும்' என்பதில் 'பை' வரும். 'பத்தாந் திகதிவரை வேலை நடைபெறும்' என்பதிலோ 'அன்ரில்' என்னுஞ் சொல் வரும். ஒரு கருமம் அந்த எல்லைக்கு முன்னரோ எல்லையிலோ ஒருமுறை முடிந்தாற் போதுமாயின் 'பை'. எல்லையை எட்டும்வரை இடையறாது நீடித்தல் வேண்டுமாயின் 'அன்ரில்'. தமிழில் 'உள்', 'வரை' என்னும் இரண்டையும் மனத்திற் கொண்டால் இம்மயக்கம் நீங்கும்.

இவ்வேறுபாடு இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்முன் இவ்விருவகை எல்லைகளையும் ஒருங்கே வைத்தது. விண்ணப்பத்தை 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதிக்குள் கொடுத்தல் வேண்டும், இது 'உள்'. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும், அத்திகதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள்வரை அவ்வதிவு இடையறாது நீடித்திருத்தலும் வேண்டும், இது 'வரை'. முதலாவதை நிறைவேற்றக் காகிதமும் பேனாவும் போதும். இரண்டாவதை நிறைவேற்ற வாழ்ந்து முடித்த வாழ்க்கைக்குச் சான்று தேவை. தாய்நாட்டிலுள்ள உறவினரைப் பார்க்கச் சென்று 12 மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டவர்க்கு அந்த 'வரை' அறுந்துபோயிற்று. ஏறக்குறைய 8,24,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. சுமார் 1,34,000 பேரே அச்சட்டத்தின்கீழ்ப் பிரஜைகளாயினர்.

இனி, இச்சொல்லின் ஆறாவது பொருளும், மலைநாட்டுத் தமிழர் வாழ்வில் மிக ஆழமாகப் பதிந்ததுமாகிய ஏதுப் பொருளைக் காணலாம். ஒருவர் தொழிலால் ஆசிரியர், பிறப்பால் கண்டியர், இயல்பால் அமைதியானவர் என்று கூறுமிடங்களில் ஆங்கிலத்தில் 'பை' வரும். இவற்றிற் கருவியுமில்லை, கருத்தாவுமில்லை. இன்னது காரணமாக இன்னார் என்பதே கருத்து. தமிழிலக்கணத்தார் இதனை ஏது என்பர்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கைப் பிரஜைகளை இரு வகையினராக்கிற்று. ஒரு வகையினர் 'பை டிசென்ற்', அதாவது வம்சாவழியாற் பிரஜைகள். மற்ற வகையினர் 'பை றெஜிஸ்ற்றேஷன்', அதாவது பதிவினாற் பிரஜைகள். இரண்டிடத்தும் நிற்பது ஒரே சொல். ஆயினும் பொருள் ஒன்றன்று. முதலாவது 'பை' ஏதுவைக் குறிப்பது. வம்சாவழி என்பது ஒருவர் முயன்று பெறுவதன்று, அவருக்கு முன்னரே அமைந்து கிடப்பது. இரண்டாவது 'பை' வழியைக் குறிப்பது. பதிவு என்பது விண்ணப்பித்து, விசாரணைக்குட்பட்டு, அதிகாரியின் இணக்கத்தோடு பெறுவது. முதல்வகை உரிமையை உடையவர் அதனைக் கேட்க வேண்டுவதில்லை. இரண்டாம் வகையை நாடுபவர்க்கு அது கொடுக்கவும்படலாம், மறுக்கவும்படலாம்.

மூன்றாவதாக, 'பை பேர்த்', அதாவது பிறப்பால் என்னுந் தொடர் ஒன்று ஆங்கிலப் பேச்சில் வழங்குகின்றது. அச்சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1948 நவம்பர் 15ஆந் திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, கம்பளைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் 1920இற் பிறந்த ஒருவரை எண்ணுக. அவருடைய தந்தை சிறுவயதில் நாமக்கல்லிலிருந்து வந்தவர். பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே, கொழுந்து நிறுத்தது இங்கே. 'பிறப்பால் நான் இலங்கையன்' என்று அவர் கூறினால் இலக்கணம் ஒப்பும், சட்டம் ஒப்பாது. அந்நாளுக்குப் பின்னர் அவருக்குப் பிறந்த பிள்ளைக்கும் தந்தை பிரஜையல்லாமையால் வம்சாவழியுரிமை கிட்டாது. தந்தையரின் பிறப்புப் பத்திரத்தைத் தேடியும் காணாதவர் எத்தனையோ பேர்.

இவ்வாறு நாடற்றவராய் நின்றவர்களின் தொகையை இரு நாடுகளும் பின்னர்ப் பகிர்ந்துகொண்டன. 1964 அக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் இணங்கினர். 1974இல் எஞ்சியோர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 'பை ட்றெயின்' தலைமன்னாருக்கும், அங்கிருந்து 'பை ஷிப்' இராமேஸ்வரத்துக்கும் குடும்பங்கள் சென்றன. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் வழியனுப்ப வந்து அழுது நின்றவர்களோ 'பை த ட்றெயின்' நின்றவர்கள். சுட்டுச்சொல்லின் அவ்வேறுபாடு அங்கே குடும்பங்களைப் பிரித்த வேறுபாடாயிற்று.

இச்சொல்லின் வரலாறு அவ்வளவில் முடிந்துவிடவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 26ஆம் உறுப்புரையில் இலங்கைப் பிரஜை என்னும் ஒரே நிலையே உண்டென்றும், வம்சாவழியால் வந்தவராயினும் பதிவினால் வந்தவராயினும் அவர் இலங்கைப் பிரஜை என்று மட்டுமே குறிக்கப்படுவாரென்றும் விதித்தது. எதனாற் பிரஜை என்று சுட்டும் 'பை' அவ்விடத்தில் நீக்கப்பட்டது. ஆயினும் உரிமையே பெறாதவர் அதன் பின்னரும் இருந்தனர். 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமையை வழங்கிற்று. அவ்வாண்டிலேயே மற்றொரு திருத்தம் தாயின் வழியாகவும் வம்சாவழியுரிமை வருமென்று ஆக்கிற்று. தந்தைவழி ஒன்றையே 55 ஆண்டுகளாகச் சுட்டி நின்ற 'பை டிசென்ற்' அன்றுமுதல் தாயையும் சுட்டுகின்றது. சொல் மாறவில்லை, அதன் எல்லை விரிந்தது.

முடிவாகச் சில குறிப்புக்கள். 'பை' என்பதைக் கண்டவுடன் 'ஆல்' என்று மொழிபெயர்த்துவிடுதல் கூடாது. பின்னே வரும் பெயர் இடமாயின் அருகில் என்றும், ஆளாயின் செய்தவரோ செய்வித்தவரோ என்றும், ஊர்தியாயின் வழி என்றும், நாளாயின் அளவோ எல்லையோ என்றும், பிறப்பு, தொழில் போன்ற தன்மையாயின் ஏது என்றும் ஆராய்தல் வேண்டும். இடையிற் சுட்டுச்சொல் உண்டா, இல்லையா என்றும் நோக்குதல் வேண்டும். நகரசபையின் 'பை-லோ' என்பதிலுள்ள முதற்பகுதியை மட்டும் இதனோடு சேர்த்தலாகாது. அது ஊரைக் குறித்த பழைய வடபுல மொழிச் சொல்லொன்றிலிருந்து வந்ததென்பர் மொழியறிஞர்.

பிள்ளைகள் பரீட்சைக்காக இச்சொல்லைக் கற்கின்றனர், அது நன்றே. ஆனால் படிவமொன்றை நிரப்பக் கொடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியொருத்தி பள்ளிக்கூடத்துப் பேரனை அழைத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?' என்று கேட்கும் வீடுகள் இன்னுமுண்டு. அப்போது, யாரால், எதனால், எந்நாளுக்குள் என்னும் மூன்று வினாக்களுக்கும் அப்பேரன் பிழையின்றி விடைகூற வல்லவனாயின், அவன் ஆங்கில இலக்கணத்தைப் பயனுறக் கற்றவனாவான்.