உரிமம், பதிவு, காப்பீடு: இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பொறுப்பின் சங்கிலி

ஆய்வுச் சுருக்கம்

ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகிய மூன்றும் அரசின் கட்டுப்பாட்டு ஆவணங்களாகவே பொதுவில் கருதப்படுகின்றன. விபத்தில் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெறுவதற்கான வழியை அமைத்துத் தருவதும் இம்மூன்றே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019ஆம் ஆண்டுத் திருத்தம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் துணையுடன் இவற்றுக்கிடையேயான தொடர்பையும், அத்தொடர்பு அறுபடும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, மூன்றாம் தரப்புக் காப்பீடு, இழப்பீடு, மோட்டார் வாகனச் சட்டம்.

முன்னுரை

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்தையும் நோக்கிச் சட்டம் மூன்று வினாக்களை எழுப்புகிறது. ஓட்டுபவர் யார்? வாகனம் யாருடையது? தீங்கு நேர்ந்தால் ஈடு செய்பவர் யார்? முதல் வினாவிற்கு உரிமமும், இரண்டாவதற்குப் பதிவுச் சான்றும், மூன்றாவதற்குக் காப்பீடும் விடையளிக்கின்றன. இவற்றுள் ஒன்று இல்லாதொழிந்தாலும் அதன் சுமை பெரும்பாலும் தவறு செய்யாத வழிப்போக்கர் மீதே விழுகிறது. எனவே, இவ்விதிகளைத் தண்டத்தொகைப் பட்டியலாக மட்டும் காண்பது போதாது. பொறுப்பின் சங்கிலியாகக் காண வேண்டியுள்ளது.

சட்டத்தின் வளர்ச்சி

1914ஆம் ஆண்டு இந்திய மோட்டார் வாகனச் சட்டம் உரிமம், பதிவு ஆகியவற்றோடு நின்றது. 1939ஆம் ஆண்டுச் சட்டமே மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எனினும், அதற்குரிய எட்டாம் அத்தியாயம் 1946ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 1988ஆம் ஆண்டுச் சட்டம், 1989 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் தண்டனைப் பிரிவுகள் பல அவ்வாண்டு செப்டம்பர் 1 முதலும், காப்பீடு பற்றிய புதிய பதினொன்றாம் அத்தியாயம் 2022 ஏப்ரல் 1 முதலும் செயற்படத் தொடங்கின.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் இயந்திர ஊர்திகள் பொதுப் பட்டியலிலும், வாகன வரி மாநிலப் பட்டியலிலும் இடம்பெறுகின்றன. ஆகவே, சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றாயினும், அதனை நடைமுறைப்படுத்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் மாநில அரசுகளின் கீழ் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும், 1974ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றன.

உரிமம்: தகுதியும் தகுதியின்மையும்

உரிமமின்றி வாகனம் ஓட்டுவதைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடைசெய்கிறது. பொதுவான வயது வரம்பு 18. போக்குவரத்து வாகனங்களுக்கு 20. 50 கன சென்டிமீட்டருக்கு மிகாத மோட்டார் சைக்கிளை 16 வயதிலேயே ஓட்ட இயலும். உரிமமற்றவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளரும் 5ஆம் பிரிவின்படி குற்றவாளியாவார். சிறார் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்க 199அ பிரிவு வழிசெய்கிறது. அவ்வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறார் 25 வயது நிறையும்வரை உரிமம் பெற இயலாது.

உரிமமற்றவர் ஓட்டிய வாகனத்தால் ஒருவர் உயிரிழந்தால் காப்பீட்டாளர் பொறுப்பிலிருந்து விலகலாமா என்பது நெடுங்காலச் சிக்கல். உரிமம் பெற்ற ஓட்டுநர் தம் பொறுப்பிலிருந்த லாரியை உரிமமற்ற கிளீனரிடம் விட்டுச் சென்றதால் நேர்ந்த விபத்தைக் குறித்தது, 1987ஆம் ஆண்டின் ஸ்கேண்டியா வழக்கு. தகுதியுடைய ஓட்டுநரை உரிமையாளர் நியமித்திருந்தமையால், நிபந்தனையை மீறியவர் உரிமையாளர் அல்லர் என உச்ச நீதிமன்றம் கொண்டது. இக்கருத்தை 2004ஆம் ஆண்டின் சுவரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு விரித்துரைத்தது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளரின் கவனக்குறைவையும் காப்பீட்டாளரே மெய்ப்பிக்க வேண்டும். அவ்வாறு மெய்ப்பித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தொகையைச் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடமிருந்து மீட்குமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். ‘செலுத்தி மீட்டல்’ எனப்படும் இந்நெறி, இருவருக்கிடையேயான ஒப்பந்தப் பூசலிலிருந்து மூன்றாமவரைப் பிரித்துக் காக்கிறது.

உரிமத்தின் வகை பற்றிய பூசலும் இதனைச் சார்ந்ததே. இலகுரக வாகன உரிமம் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவிற்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என 2024 நவம்பரில் ஐவர் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. உரிம வகையைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கும் வாய்ப்பு இதனால் குறுகியது.

பதிவு: பெயரும் பொறுப்பும்

பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே ‘உரிமையாளர்’ என்பது 2(30)ஆம் பிரிவின் பொது வரையறை. வாகனத்தை விற்றவர் மாநிலத்திற்குள் 14 நாட்களிலும், வாங்கியவர் 30 நாட்களிலும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என 50ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையில் கையொப்பமிட்ட படிவங்களோடு வாகனம் பலர் கைமாற, பதிவேட்டில் பழைய பெயரே நிலைத்துவிடுகிறது.

2018ஆம் ஆண்டின் நவீன் குமார் வழக்கில் இந்நிலையே ஆய்வுக்கு வந்தது. ஒருவர்பின் ஒருவராக விற்கப்பட்ட காரினால் விபத்து நேர்ந்தபோது, பதிவேட்டில் பெயருடைய முதல் உரிமையாளரே பொறுப்பாளர் என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அறியப்படாத கைமாற்றங்களைத் தேடிப் பாதிக்கப்பட்டவர் அலையலாகாது என்பது அதன் அடிப்படை. வாகனத்தை விற்றுவிட்டதாகக் கருதும் ஒருவர், பெயர்மாற்றம் நிகழும்வரை சட்டத்தின் பார்வையில் அதனை விற்கவில்லை என்றே கொள்ளலாம். வாகனம் கைமாறும்போது காப்பீடும் உடன் மாறியதாக 157ஆம் பிரிவு கருதுகிறது. ஆயினும் அக்கருதுகோள் மூன்றாம் தரப்பு இடருக்கு மட்டுமே உரியது, வாகனத்தின் சொந்தச் சேதத்திற்கு உரியதன்று என 1996ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

காப்பீடு: காலப் பொருத்தமின்மை

மூன்றாம் தரப்புக் காப்பீடின்றிப் பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்துவதை 146ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆயினும், மூன்று ஆவணங்களின் ஆயுளும் ஒத்தவை அல்ல. 30 வயதை எட்டாதவர் பெறும் தனியார் வாகன ஓட்டுநர் உரிமம் 40 வயதுவரை செல்லும். தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகள் நிலைக்கும். காப்பீடோ மரபாக ஓராண்டிற்குரியது. பதிவின்போது காட்டப்படும் காப்பீடு மறு ஆண்டே காலாவதியானாலும் பதிவு தொடர்கிறது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2018ஆம் ஆண்டு பிறந்த ஆணை இவ்விடைவெளியை ஓரளவு குறைத்தது. அதன்படி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. எனினும், பதிவுக் காலத்தின் எஞ்சிய பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உரிமையாளரின் புதுப்பிக்கும் வழக்கத்தையே நம்பியுள்ளன.

காப்பீடு இருந்தும் காப்பு இல்லாத நிலையும் உண்டு. சட்டம் வேண்டும் குறைந்தபட்சக் காப்பீடு, கட்டணமின்றிப் பின்னிருக்கையில் பயணிப்பவரை உள்ளடக்காது என 2006ஆம் ஆண்டின் திலக் சிங் வழக்கில் கூறப்பட்டது. குடும்பமாக இருசக்கர வாகனத்தில் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய வரம்பு இது.

சங்கிலி அறுபடும் இடம்

உரிமக் குறைபாட்டைச் ‘செலுத்தி மீட்டல்’ நெறியும், பெயர்மாற்றக் குறைபாட்டைப் பதிவேட்டு நெறியும் ஈடுசெய்கின்றன. காப்பீடே இல்லாதபோது செலுத்துவதற்கு எவரும் இல்லை. தீர்ப்பாயத்தின் ஆணை உரிமையாளரின் பொருள்வளத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. தண்டத்தொகைகளோ இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளன. உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாய். காப்பீடின்மைக்கு முதன்முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய். பாதிக்கப்பட்டவருக்குப் பெருந்தீங்கு விளைக்கும் குறைபாட்டிற்கே தண்டம் குறைவு.

அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் இறந்தால் 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றால் 50,000 ரூபாயும் 161ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படுகின்றன. 164ஆ பிரிவின்படி அமையும் விபத்து நிதியம் சிகிச்சைக்கும் மேற்கண்ட இழப்பீட்டிற்கும் பயன்படும் என்கிறது சட்டம். அடையாளம் தெரிந்த, ஆனால் காப்பீடற்ற வாகனத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை அது வெளிப்படையாகக் கூறவில்லை. 2025 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாட்கள், 1.5 லட்சம் ரூபாய் வரை துணைபுரிகிறது. அது உயிர்காக்கும் உதவி. வாழ்வாதார இழப்பிற்கான ஈடன்று. பிரிட்டனில் காப்பீடற்ற ஓட்டுநரால் பாதிக்கப்பட்டோருக்கு ஈடளிக்க, காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1946ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

விபத்துக்குள்ளான காப்பீடற்ற வாகனத்தைப் போதிய பிணையமின்றி விடுவிக்கலாகாது என்னும் டெல்லி விதியை ஒட்டி, பிற மாநிலங்களும் விதி வகுக்குமாறு 2018 செப்டம்பரில் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆயினும், பழைய இருசக்கர வாகனம் ஒன்றின் விலை ஓர் உயிரிழப்பிற்குரிய இழப்பீட்டிற்கு ஈடாகாது.

முடிவுரை

உரிமம், பதிவு, காப்பீடு என்பன ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடுகள். முதல் இரண்டில் நேரும் பிழைகளின் விளைவிலிருந்து பாதிக்கப்பட்டவரைக் காக்க நீதிமன்றங்கள் நெறிகளை வகுத்துள்ளன. மூன்றாவது இல்லாதபோது அந்நெறிகள் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. பதிவுக் காலத்தோடு காப்பீட்டுக் காலத்தைப் பொருத்துதல், காப்பீடற்ற வாகனங்களால் பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டை நிதியத்தின் நோக்கங்களுள் வெளிப்படையாகச் சேர்த்தல் ஆகிய இரண்டும் இக்குறையை நிரப்பும் வழிகளாகும். தண்டத்தொகையை உயர்த்துவது உரிமையாளரை எச்சரிக்கலாம்; வருவாய் ஈட்டியவரை இழந்த குடும்பத்திற்கு அதனால் மட்டும் ஈடு கிடைத்துவிடாது.